முகர்ந்து பார்க்காத ஒயில்

கார் திருத்தும் இந்தக் கராச்சில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் நான் கருவிகளைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. அவற்றை நீங்கள் என்னைவிட நன்றாகக் கையாளுகிறீர்கள். காருக்குள் ஒரு வயரைச் செருகித் திரையைப் பார்த்து, இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று சொல்லிவிடுகிறீர்கள். போன கிழமை உங்களில் ஒருவர், ஒரு காரின் பொனெற்றைத் திறக்க முதலே, "ஒயில் மாத்த மறந்திருக்கிறார்" என்று அதன் சொந்தக்காரருக்கு முன்னால் சொன்னதை, வாசலில் கதிரை போட்டு இருந்த நான் கேட்டேன். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு எழுத வராது. என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் வெளியில் போய்ச் சிரியுங்கள்.

யுத்தத்தின்போது சாமான்கள் தடுக்கப்பட்ட தடைக் காலத்தைப் பற்றி உங்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். வன்னிக்குள் பெற்றோல் வராது. வந்தாலும் மருந்துபோல அளந்துதான் கிடைக்கும். அதனால் எங்கள் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு போத்தல் மூடியளவு பெற்றோலைக் காபரேற்றருக்குள் ஊற்றி ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு விடுவோம். பின்னால் வருகிறவனுக்குக் கண் எரியும். போகிற கார் யாருடையது என்று புகையை வைத்தே சொல்லலாம்.

மண்ணெண்ணெயில் ஒரு கெட்ட குணம் இருந்தது. எரியாமல் மிஞ்சுவது மெல்ல இறங்கி எஞ்சின் ஒயிலோடு சேர்ந்துவிடும். ஆகவே நாள் போகப்போக ஒயில் குறையாது, கூடும். எங்கள் சாரதிகள் விடிய எழும்பி ஒயில் மட்டம் காட்டும் கோலை இழுத்துப் பார்ப்பார்கள். கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால், காருக்கு அடியில் படுத்து மூடியைத் தளர்த்தி ஒரு கிளாஸ் இறக்கிவிடுவார்கள். மற்ற ஊர்களில் சாரதிகள் ஒயில் ஊற்றினார்கள், எங்கள் ஊரில் இறக்கினார்கள். அது பல் தீட்டுகிற மாதிரி ஒரு பழக்கமாகிவிட்டது. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு வேண்டும்.

அந்தக் காலத்தில் மல்லாவிச் சந்தியில் வாடகைக்கு ஓடிய கார்களில் ஒன்று மரியாம்பிள்ளை அண்ணையின் ஏ-40. கறுப்பு நிறம், வட்டமான முதுகு. அண்ணைக்குச் சொந்த ஊர் நாயாறு. கடற்கரையில் பிறந்து, வள்ளத்தில் ஏறினால் சத்தி எடுக்கிற ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். "கடல் என்னைத் துப்பிப் போட்டுது தம்பி, தரைதான் ஏந்தினது" என்பார். மனைவி றீற்றா அக்காவும் நாயாறுதான். இடம்பெயர்ந்து மல்லாவிக்கு வந்தவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். அக்காவின் தாய் மட்டும் கடலை விட்டு வரமாட்டேன் என்று, ஊருக்குப் போகக்கூடிய நாட்களில் எல்லாம் அங்கேயே போய்விடுவா.

ஒருநாள் நல்ல மழை. அண்ணையின் காரில் முன்னுக்கு நான். பின்னால் பிள்ளைப்பேற்று வலியோடு ஒரு இளம் பெண், பக்கத்தில் அவளுடைய தாய். வவுனிக்குளக் கட்டு வழியாக மல்லாவி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். கட்டின் நடுவில் எஞ்சின் இருமி நின்றது. இறங்கிப் பார்த்தேன். எஞ்சினின் பக்கத்தில் பூட்டியிருக்கும் சின்னப் பம்ப்புக்குள் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும் ஒரு மெல்லிய தோல் உண்டு. அதுதான் எண்ணெயை இழுத்து மேலே அனுப்புவது. அது கிழிந்திருந்தது.

வேறு தோலுக்கு எங்கே போவது? அண்ணை தள்ளுவோம் என்றார். தள்ளி முடிக்கிற தூரமில்லை. நான் பின் கதவைத் திறந்து, அந்தப் பெண்ணின் காலடியில் சீற்றின் றெக்சீனை பிளேட்டால் கீறி, உள்ளங்கையளவு துண்டு இரண்டு வெட்டினேன். தாய்க்காரி எனக்குப் பைத்தியம் என்று நினைத்து மாதாவைக் கூப்பிட்டா. ஆறு ஆணியும் கழற்றி, கிழிந்த தோலை அளவாக வைத்து வெட்டி, இரண்டு பட்டாகப் பூட்டினேன். கார் ஓடியது. ஆஸ்பத்திரி வாசலில் காரை நிற்பாட்டிக் கால் மணித்தியாலத்தில் பிள்ளை பிறந்துவிட்டது.

அந்த றெக்சீன் பிறகு வருடக்கணக்காக மண்ணெண்ணெயில் நின்று பிடித்தது. அண்ணை அதைச் சந்தி முழுவதும் சொல்லித் திரிந்தார். வாடகைக்கு ஏறினவர்களுக்குச் சொன்னார், கோயிலில் சொன்னார், சீற்றில் நான் வெட்டிய ஓட்டையை மூடாமல் வைத்துக்கொண்டு விரலை விட்டுக் காட்டினார். "கை எண்டா இவன்ர கை" என்பார். எனக்குப் பெயர் வந்தது அவருடைய வாயால்தான். பின்னேரம் நாலு மணிக்குத் தேத்தண்ணிப் போத்தலும் பனங்கட்டியுமாக நான் வேலை செய்யும் இடத்துக்கு வந்து, மட்காட்டில் சாய்ந்து நின்று ஊர்க்கதை முழுவதும் சொல்வார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. நாலு மணியானால் அந்தக் காரின் சத்தத்தை என் காது தானாகத் தேடும்.

பிறகு கடைசி யுத்தத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். எல்லோரும் கிழக்கே கிழக்கே என்று போனோம். அண்ணை காரைக் கடைசியில் ஒரு தெருவோரத்தில் விட்டுவிட்டு நடந்தார். காரின் பதிவுப் புத்தகத்தை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். செட்டிகுளத்து முகாமில் தண்ணீர் வரிசையில் நிற்கும்போதுகூட அவருடைய கை இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். விட்டார்கள், ஊருக்கு வந்தோம். கைவிடப்பட்ட வாகனங்கள் குவிந்து கிடந்த இடத்துக்கு அவர் அந்தப் புத்தகத்தோடு பல தரம் போய், கடைசியில் ஏ-40ஐக் கண்டுபிடித்தார். கண்ணாடி இல்லை, சீற் இல்லை, கதவு ஒன்று இல்லை. எஞ்சின் இருந்தது.

நான் அப்போதுதான் நாலு கம்பும் ஒரு தறப்பாளுமாக இந்தக் கராச்சைப் போட்டிருந்தேன். முதலில் உள்ளே வந்தது அந்தக் கார்தான், லொறியில் ஏறி வந்தது. ஐந்து மாதம் அதோடு மாரடித்தேன். றீற்றா அக்கா அந்த வருடம் ஆவணித் திருவிழாவுக்குச் சொந்தக் காரில் மடு மாதா கோயிலுக்குப் போவதாக முகாமில் இருக்கும்போதே நேர்ந்திருந்தா. திருவிழாவுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கும்போது எல்லாம் சரி, பம்ப்புக்குள் இருக்கும் அந்தத் தோல் மட்டும் இல்லை, பழைய றெக்சீன் காய்ந்து உதிர்ந்துபோயிருந்தது. வவுனியாவில் கேட்டேன், கொழும்பிலிருந்து வர இரண்டு கிழமை என்றார்கள்.

புதிதாகத் தைத்த சீற்றில் மிஞ்சிய றெக்சீன் துண்டு மேசையில் கிடந்தது. வவுனிக்குளக் கட்டில் வெட்டிய கை அல்லவா, அது சும்மா இருக்குமா? வெட்டிப் பூட்டினேன். திருவிழா முடிந்து வந்ததும் சரியான தோல் வாங்கிப் போடுவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணையிடம் சொல்லவில்லை. அவர்கள் மடுவுக்குப் போய் வந்தார்கள். பாதை நெடுக ஆட்கள் கையைக் காட்டியதாக அண்ணை வந்து சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். அந்தச் சந்தோசத்தில் தோலைப் பற்றிய நினைப்பே எனக்கு வரவில்லை. இரண்டு கிழமை இரண்டு மாதமாகி, பிறகு வேறு வாகனங்கள் வந்து வரிசையில் நின்றன. நான் மறந்துபோனேன்.

நான் மறந்துபோனேன் என்ற இந்த வசனத்தை எழுத எனக்குப் பதின்மூன்று வருடம் எடுத்தது.

நான் யோசிக்காமல் விட்டது இதுதான். மண்ணெண்ணெய் றெக்சீனை மெதுவாகத் தின்னும். பெற்றோல் அவசரமாகத் தின்னும். இப்போது கார் ஓடுவது பெற்றோலில். தடை போய்விட்டது, பெற்றோல் வந்துவிட்டது என்று நாங்கள் கையைக் கூடப் பெற்றோலில் கழுவிக்கொண்டிருந்த நேரம் அது. என் மேசை, துணி, நகக்கண் எல்லாம் பெற்றோல் மணம்.

ஆறேழு மாதம் கழித்து அண்ணையும் அக்காவும் நாயாற்றுக்குப் புறப்பட்டார்கள். அக்காவின் தாய் திரும்பவும் அங்கே போய்க் குடியிருந்தா, உடம்புக்கு முடியாமல் இருந்தா. பெற்ற மகள் சொந்தக் காரில் வந்து இறங்குவதைக் காண வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தா. ஒட்டுசுட்டானுக்கு அங்கால் போகும்போது எஞ்சின் அடியிலிருந்து சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம் வந்து, கார் நின்றுவிட்டது. பின்னேரம் லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கினார்கள். அக்கா காரின் முன் சீற்றில் இருந்தபடியே வந்திருந்தா. தாய்க்குச் செய்த பலகாரப் பெட்டி மடியில் இருந்தது.

சந்தை நாள். ஆட்கள் கூடிவிட்டார்கள். அண்ணையின் மருமகனும் ஓடி வந்தான். எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். ஏனென்றால் அந்த எஞ்சின் நான் கட்டிய எஞ்சின். என் பெயர் அதில்தான் இருந்தது. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். சுற்றி நிற்கிறவர்களின் பார்வை உங்களிடம் உடனே ஒரு பதில் கேட்கும். வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டிய நேரம் அதுதான். நான் மூடவில்லை.

"அண்ணை, வெளிக்கிட முதல் ஒயில் பாத்தனீங்களோ?"

"பாத்தனான் தம்பி. விடிய பாத்தனான். கோட்டுக்கு மேல நிண்டது. ஒரு கிளாஸ் இறக்கினனான். இறக்கினாப் பிறகும் கோட்டிலதான் நிண்டது."

கோலை இழுத்தேன். நுனி மட்டும் நனைந்திருந்தது. குனிந்து பார்த்தேன், கீழே ஒரு துளி ஒழுக்கில்லை. விடிய நிறைந்து நின்ற ஒயில் பின்னேரத்துக்குள் எங்கே போகும்?

"நீங்கள் ஒருக்கா இறக்கினதை மறந்துபோட்டுத் திருப்பியும் இறக்கியிருக்கிறியள்" என்றேன். "இப்ப என்ன மண்ணெண்ணெய்க் காலமே அண்ணை, ஒயில் கூடுறதுக்கு?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மருமகன், "மாமாவுக்கு இப்ப எல்லாம் மறதிதான்" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வெட்கத்தில் சொன்னான்.

"இல்லைத் தம்பி, நான் ஒருக்காத்தான்..." என்று தொடங்கிய அண்ணை நிறுத்தினார். தன் வலது கையை விரித்துப் பார்த்தார். ஒரு தரமா, இரண்டு தரமா என்று அந்தக் கையைக் கேட்கிற மாதிரி. "ஒருவேளை..." என்றார். அவ்வளவுதான். அக்கா காரை விட்டு இறங்கி, பெட்டியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தா.

இரண்டு நாளில் எஞ்சினைக் கழற்றினேன். பெயறிங் எல்லாம் உருகிப் போயிருந்தது. கழுவுவதற்காகப் பம்ப்பைத் திறந்தேன். என் றெக்சீன் அப்பளம்போல விறைத்து, நடுவால் வெடித்திருந்தது.

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. வெடிப்பு வழியாகப் பெற்றோல் எஞ்சினின் வயிற்றுக்குள் இறங்கியிருக்கிறது. அண்ணை விடிய கண்டது ஒயிலும் பெற்றோலும் சேர்ந்த மட்டம், கோட்டுக்கு மேலேதான் நின்றிருக்கும். பழக்கப்படி ஒரு கிளாஸ் இறக்கினார், சரியாகத்தான் இறக்கினார். பாதையில் எஞ்சின் சூடேற, கலந்திருந்த பெற்றோல் ஆவியாகிப் போய்விட்டது. அதனால் மட்டம் விழுந்தது. மிஞ்சியதும் தண்ணீர்மாதிரி, எதையும் காப்பாற்றாது. மண்ணெண்ணெய் இப்படி ஓடிப்போகாது. அதனால் எங்களில் ஒருவருக்கும் இந்தக் கதை தெரியாது. ஆனால் அந்தக் கோலை நான் ஒரு தரம் முகர்ந்து பார்த்திருந்தால் போதும், மிஞ்சிய பெற்றோல் எனக்குச் சொல்லியிருக்கும். என் கையிலேயே பெற்றோல் மணத்தபடியால் மூக்குக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தோன்றவில்லை.

அன்றைக்கே அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். சைக்கிளில் ஐந்து நிமிடம். நான் போகவில்லை. வாசலில் ஏழு வாகனம் நின்றது. கராச் போட்டு ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எஞ்சினை முதலில் ஓட வைப்போம், கார் ஓடினால் அவருக்குக் கோபம் ஆறும், அப்போது சொல்லலாம் என்று நினைத்தேன். தோலுக்கு ஆளனுப்பி, சரியான தோலே போட்டு, முன்பைவிட நல்ல எஞ்சினாகக் கட்டினேன். றெக்சீனைப் பழைய பிஸ்கற் பேணி ஒன்றுக்குள் போட்டு மூடி வைத்தேன்.

கார் தயாரான நாள் அண்ணை வருவார் என்று காத்திருந்தேன். மருமகன்தான் வந்தான்.

"மாமா இனி ஓடமாட்டாராம் அண்ணை. தனக்குத் தன்னில நம்பிக்கை இல்லையாம். ஆரையும் ஏத்திக்கொண்டு போய் ஏதும் நடந்திட்டா எண்டு பயப்பிடுறார். அதுவும் நல்லதுதானே?"

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில், "ஓம்."

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் கையால் எத்தனையோ எஞ்சின் பழுதாகியிருக்கிறது. அளவுக்கு மேல் முறுக்கி ஆணி முறித்திருக்கிறேன், ஒருதரம் எஞ்சினுக்குள் குறடு ஒன்றை வைத்து மூடியிருக்கிறேன். அதெல்லாம் இப்போது சொல்லிச் சிரிக்கிற கதைகள். அந்த "ஓம்" மட்டும் அப்படியே கிடக்கிறது.

அதற்குப் பிறகு நாலு மணிக்கு அவர் வரவில்லை. மருமகன் ஓட்ட, பக்கத்துச் சீற்றில் இருந்து கோயிலுக்குப் போவதைக் காண்பேன். கையைத் தொடையின் கீழே வைத்திருப்பார். என்னைக் கண்டால் சிரிப்பார், காரை நிற்பாட்டச் சொல்லமாட்டார். நாயாற்றிலிருந்த அக்காவின் தாய் அந்த வருடமே போய்விட்டா. செத்தவீட்டுக்கு அவர்கள் பஸ்ஸில் போனார்கள்.

ஊரில் காதில் விழுந்தவையும் உண்டு. கோயில் பூட்டின் திறப்பு பல வருடமாக அவரிடம்தான் இருந்தது. பூட்ட மறந்துவிடுவேன் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். மருந்துக் குளிசை போட்டேனா என்று அக்காவிடம் மூன்று தரம் கேட்கிறாராம். வாசிக்கும் செபத்தில் வரி விட்டுப்போகும் என்று செபம் சொல்லவும் மாட்டாராம். கேட்கக் கேட்க, பேணியைத் திறந்து அந்தத் துண்டை எடுத்துப் பார்ப்பேன், திரும்பவும் மூடுவேன். ஒரு வருடம் சொல்லாமல் விட்டால் இரண்டாம் வருடம் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டம். அது எப்படிக் கூடிக்கொண்டே போனது என்று எனக்கே தெரியாது. பின்னேரங்களில் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு வீதியைப் பார்த்தபடி நிற்பேன். வராத ஒரு காரை அப்படிப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதனை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். எனக்கு அவரோடு கதைக்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவு ஆசை. ஐந்து நிமிடத் தூரத்தில் இருந்த ஆளுக்காக அப்படி ஏங்கினேன்.

போன வருடம் நான் வேலையை விட்டு வீட்டில் இருக்கத் தொடங்கிய நேரம், ஒரு காலை குசினியில் காஸ் திறந்தபடி கிடந்தது. மகள் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, தேத்தண்ணி வைச்சுப்போட்டு மூட மறந்திட்டியள்" என்றாள். அதட்டவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். நான் தேத்தண்ணி வைத்தபோதே மூடினேன். மூடினதாக நல்ல ஞாபகம். ஆனால் அவள் சொன்ன பிறகு ஒருவேளை என்று நினைத்தேன். மூன்று நாள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைப் பூட்டிவிட்டுப் படலையடியிலிருந்து திரும்பி வந்து பார்த்தேன். நாலாம் நாள், அடுப்பின் திருகு தேய்ந்து தானாகத் திரும்புவதைப் பேரன் கண்டுபிடித்தான். எனக்கு மூன்று நாள். அவருக்குப் பன்னிரண்டு வருடம்.

அன்று பின்னேரம் நாலு மணிக்குப் பேணியை எடுத்துக்கொண்டு போனேன்.

அண்ணை முற்றத்து மாமரத்தின் கீழ் கதிரையில் இருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார். சீனி வருத்தம் கண்ணைத் தின்றுவிட்டது, வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். காலடிச் சத்தத்திலேயே, "தம்பியே? வா, இரு" என்றார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

பேணியைத் திறந்து றெக்சீனை அவர் உள்ளங்கையில் வைத்தேன். நான் ஒன்றும் விடாமல் சொன்னேன். கொழும்புத் தோலுக்குக் காத்திராமல் வெட்டியது, பிறகு மறந்தது, சந்தை நாளில் எல்லாருக்கும் முன்னால் சொன்னது, பம்ப்பைத் திறந்தது, மருமகனுக்கு ஓம் போட்டது. அவர் அந்தத் துண்டின் வெடிப்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"அப்ப நான் மறக்கேல்லை" என்றார்.

"இல்லை அண்ணை."

"விடிய ஒயில் பாத்தனான்?"

"பாத்தனீங்கள்."

"ஒரு கிளாஸ்தான் இறக்கினனான்?"

"ஒரு கிளாஸ்தான்."

"மூடி இறுக்கினனான்?"

"இறுக்கித்தான் இருந்தது அண்ணை. நான்தான் கழட்டினனான், எனக்குத் தெரியும்."

உள்ளே திரும்பி, "றீற்றா, இஞ்ச ஒருக்கா வா" என்று கூப்பிட்டார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தா. "தம்பி சொல்லுறதைக் கேள். சொல்லு தம்பி, முதலில இருந்து சொல்லு." நான் திருப்பிச் சொன்னேன். மருமகன் வேலையால் வந்ததும் மூன்றாம் தரமும் சொல்ல வைத்தார். ஒவ்வொரு தரமும் ஒயில் பார்த்த இடம் வரும்போது தலையை ஆட்டினார். மருமகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா.

"பன்னிரண்டு வருசமடா" என்றார் பிறகு. என்னை அவர் 'டா' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "ஒவ்வொரு இரவும் படுக்கேக்கை அந்த விடியலை நினைச்சுப் பாப்பன். ஒருக்கா எண்டுதான் வரும். கை சொல்லும் ஒருக்கா எண்டு. நீ சொன்னனி ரெண்டு எண்டு. நீ பொய் சொல்லமாட்டாய் எண்டு கையைத்தான் நம்பாமல் விட்டனான்."

நான் மன்னிப்புக் கேட்டேனா என்று எனக்கு நினைவில்லை. இதையாவது உண்மையாக மறந்துவிட்டேன்.

அவர் எழும்பிக் கார் நிற்கும் கொட்டிலை நோக்கி நடந்தார். மருமகன் பிடிக்க வந்தான், வேண்டாம் என்றார். தறப்பாளை அவரே இழுத்தார். கார் கறுப்பாகத் துடைத்து வைத்தபடி நின்றது. மருமகன் கிழமைக்கு ஒருதரம் ஸ்ராட் செய்து வைப்பானாம். பொனெற்றைத் தூக்கி, தடவாமல் கையை நேரே கொண்டுபோய் ஒயில் கோலை இழுத்தார். சாரத்து நுனியில் துடைத்தார், திரும்ப விட்டு இழுத்தார். விரலால் நுனியைத் தொட்டு மட்டம் பார்த்தார்.

"கோட்டில நிக்குது" என்றார். பிறகு கோலை என் பக்கம் நீட்டினார். "என்ர மூக்கு மண்ணெண்ணெய்க் காலத்தோட போட்டுது. நீ மணந்து பார்."

முகர்ந்தேன்.

"என்ன மணக்குது?"

"ஒயில்தான் அண்ணை."

"வடிவா மணந்து சொல்லு."

திரும்பவும் முகர்ந்தேன். ஒயில்தான். அவர் கோலை வாங்கி, அந்தச் சின்ன ஓட்டைக்குள் முதல் தரத்திலேயே விட்டார். சாரதியின் பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே ஏறினார். மருமகன் ஒரு கணம் யோசித்துவிட்டுத் திறப்பை அவர் கையில் கொடுத்தான். எஞ்சின் பிடித்தது. ஒழுங்கான, தாழ்ந்த சத்தம். நாலு மணிக்கு என் காது தேடிய சத்தம்.

அப்போது யாரும் கூப்பிடாமலே றீற்றா அக்கா சுற்றி வந்து, மற்றக் கதவைத் திறந்து, அவர் பக்கத்தில் ஏறி இருந்தா. கைகளை மடியில் வைத்துக்கொண்டா, அங்கே ஒரு பெட்டி இருப்பதுபோல.

"எங்க போவம்?" என்று அண்ணை கேட்டார்.

"நாயாத்துக்குத்தான்" என்றா அக்கா.

அவர் கியர் போடவில்லை. இரண்டு கையும் ஸ்ரியறிங்கில் இருந்தது. கண் தெரியாத அந்த முகம் நேரே, பாதையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பொனெற்றை மூடாமல் பிடித்தபடி, அவர்கள் இருந்த இடத்திலிருந்தே நாயாற்றுக்குப் போய்ச் சேரும்வரை நின்றேன்.